பிராக் நகரில் எட்டு மணி நேரம்: இரண்டு ரயில்களுக்கு இடையே பெற்றோருடன் நடந்து பார்க்க இயலுமா?

காவிரிக்கரையான்:

அன்பர்களுக்கு வணக்கம்.

வரும் அக்டோபர் நடுவில் என் பெற்றோரை அழைத்துக்கொண்டு பெர்லினிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் செல்ல இருக்கிறேன். வழியில் செக் நாட்டின் தலைநகரான பிராகில் இறங்கி ஊரைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே அடுத்த வண்டியைப் பிடிப்பதாகத் திட்டம். காலை பத்தரை மணியளவில் அங்கே சேருவோம். வியன்னா வண்டி மாலை ஏழு மணிக்குச் சற்று முன்பு புறப்படுகிறது. இரவு அங்கே தங்குவதாக இல்லை.

அப்பாவுக்கு 71 வயது. நன்றாக நடப்பார், ஆனால் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அங்கேயே நின்றுவிடுவார். அம்மாவுக்கு 65 வயது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. சமதரையில் ஒரு மணி நேரம் நடப்பார், அதன்பின் உட்கார இடம் வேண்டும்.

சென்ற ஆண்டு வேறொரு நகரில் சுற்றுலாப் பேருந்தில் ஏறி, கண்ணாடி வழியாகக் கட்டடங்களின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். 'இதற்கு வீட்டிலேயே தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம்' என்றார் அம்மா. ஆகவே இம்முறை நடந்தே பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். இணையத்தில் கிடைக்கும் ஒருநாள் திட்டங்களில் எல்லாம் பதினைந்து இடங்களுக்குக் குறையாமல் இருக்கின்றன. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது, எதை விட்டுவிடலாம், கோட்டை இருக்கும் குன்றுக்கு அம்மாவை அழைத்துச் செல்வது அறிவுடைமையா என்பவற்றை அங்கு நடந்து பழகியவர்கள் சொன்னால் நன்றி உடையவனாக இருப்பேன்.

எல்பேக்கரை:

வணக்கம். நான் டிரெஸ்டன் நகரில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் பிராகுக்கு அழைத்துச் செல்வது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டதால், இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாகக் கருதுகிறேன்.

முதலில் ரயிலிலிருந்தே தொடங்குகிறேன். பெர்லினிலிருந்து வரும்போது, வண்டி செல்லும் திசையை நோக்கி இடப்பக்கத்தில் இருக்கை கிடைக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். டிரெஸ்டனைத் தாண்டியபின் தண்டவாளம் எல்பே ஆற்றை ஒட்டியே செல்கிறது; மணற்பாறைக் குன்றுகள் ஆற்றிலிருந்து செங்குத்தாக எழும் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஆறு உங்கள் இடப்புறமே வரும். எல்லையைக் கடந்ததும் அதே ஆற்றுக்கு லாபே என்று பெயர் மாறிவிடும். பிராகுக்குள் நுழைந்ததும் வண்டி முதலில் ஹோலெஷோவிட்செ என்ற நிலையத்தில் நிற்கும். எல்லோரும் எழுந்து நிற்பதைப் பார்த்து அங்கே இறங்கிவிடாதீர்கள். நீங்கள் இறங்க வேண்டியது அடுத்து வரும் தலைமை நிலையத்தில். பலகையில் 'ஹ்லாவ்னீ நாட்ராஜீ' என்று இருக்கும். பெட்டிகளை அங்குள்ள காப்பகத்திலோ பூட்டுப் பேழைகளிலோ வைத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு புறப்படுங்கள். கடவுச்சீட்டை மட்டும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். எல்லை கடக்கும் வண்டிகளில் எப்போதாவது கேட்பார்கள்.

இனி நடை. பெரும்பாலோர் நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்கு நடந்து, பாலத்தைக் கடந்து, களைத்துப்போன பின் கோட்டைக் குன்றில் ஏறத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதே என் ஒரே அறிவுரை. நிலையத்தின் கீழேயே மெட்ரோ இருக்கிறது. சி தடத்தில் இரண்டு நிறுத்தம் சென்று இ. பே. பாவ்லோவா என்ற இடத்தில் வெளியே வந்து 22ஆம் எண் டிராமில் ஏறினால், அது தேசிய நாடக அரங்கைத் தொட்டு, வல்தாவா ஆற்றைக் கடந்து, குன்றின் பின்புறமாக வளைந்து ஏறி, போஹோர்ஜெலெட்ஸ் என்ற நிறுத்தத்தில் உங்களை உச்சியிலேயே இறக்கிவிடும். (தடப் பணிகளுக்காக டிராம் வழிகளை அவ்வப்போது மாற்றுவார்கள், அன்று காலையில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) சீட்டை வாங்கினால் மட்டும் போதாது, மஞ்சள் பெட்டியில் செருகி நேரத்தைப் பதித்துக்கொள்ள வேண்டும். பதிக்காத சீட்டு சீட்டே இல்லை.

அங்கிருந்து எல்லாம் இறக்கம்தான். 12ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட ஸ்ட்ராஹோவ் மடத்தின் திண்ணையிலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் செந்நிற ஓட்டுக் கூரைகளாகக் கீழே விரிந்து கிடக்கும். பிறகு லொரெட்டா தேவாலயம். அதன் கோபுரத்திலுள்ள 27 மணிகளும் சேர்ந்து மணிக்கொரு முறை ஒரு பாட்டை இசைக்கும். அப்படியே லொரெட்டா தெருவழியே இறங்கினால் கோட்டையின் முகப்புச் சதுக்கம். கோட்டைக்குள் நுழைவுச்சீட்டு வாங்கி ஒவ்வொரு கூடமாக ஏறி இறங்க உங்களுக்கு நேரம் இல்லை, வாங்காதீர்கள். முற்றங்களில் நடப்பதற்குக் கட்டணம் கிடையாது. புனித விட்டுஸ் பேராலயத்தை வெளியே நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். 1344இல் தொடங்கிய அந்தக் கட்டுமானம் 1929இல்தான் முடிந்தது. கோபுரத்தின் எந்தப் பகுதி பழையது, எது நேற்றையது என்று கல்லின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பது எங்கள் வீட்டுக் குழந்தைகளின் விளையாட்டு.

கோட்டையிலிருந்து நெருதோவா தெருவில் இறங்குங்கள். 1770இல் மரியா தெரேசாவின் ஆட்சியில் வீடுகளுக்கு எண் இடும் வரை, வாசலுக்கு மேலே செதுக்கிய சின்னத்தை வைத்தே வீட்டை அடையாளம் சொன்னார்கள். மூன்று ஃபிடில்கள், சிவப்பு ஆட்டுக்குட்டி, இரண்டு சூரியன்கள் என்று அந்தச் சின்னங்கள் இன்றும் இருக்கின்றன. இரண்டு சூரியன்கள் வீட்டில் வாழ்ந்த எழுத்தாளர் யான் நெருதாவின் பெயரே தெருவுக்கும். சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதா தம் புனைபெயரை இவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார் என்று பரவலாகச் சொல்வார்கள்.

தெரு முடிந்ததும் சார்லஸ் பாலம். 1357இல் நான்காம் சார்லஸ் மன்னர் தொடங்கி வைத்தது. 516 மீட்டர் நீளம். 1841 வரை இந்த ஊரில் ஆற்றைக் கடக்க வேறு பாலமே கிடையாது. இருபுறமும் முப்பது சிலைத்தொகுதிகள் நிற்கின்றன. அவற்றில் மக்கள் கை பட்டுப் பட்டுப் பளபளக்கும் வெண்கலத் தகட்டைக் கண்டால், அது நெப்போமுக் ஊர் யான் என்ற புனிதரின் சிலை. 1393இல் அவரை இந்தப் பாலத்திலிருந்துதான் ஆற்றில் எறிந்தார்கள்.

பாலத்துக்கு அப்பால் பழைய நகரச் சதுக்கமும் அதன் வானியல் கடிகாரமும். 1410இல் செய்த இந்தக் கடிகாரத்தைப் பார்க்க வருவோர் எல்லோரும், மணியடிக்கும்போது சன்னல்களில் அப்போஸ்தலர் பொம்மைகள் வலம்வருவதைப் படம்பிடித்துவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். உண்மையான அற்புதம் அதற்குக் கீழேயுள்ள முகப்பில் இருக்கிறது. நாம் வழங்கும் மணி நேரம் ஒன்று. சூரியன் மறைந்ததிலிருந்து இருபத்து நான்கு மணி எண்ணும் பழைய செக் நேரம் ஒன்று. உதயத்திலிருந்து மறைவு வரையுள்ள பகலைப் பன்னிரண்டாகப் பகுத்து, கோடையில் நீண்டும் குளிர்காலத்தில் சுருங்கியும் வரும் நேரம் இன்னொன்று. மூன்றையும் ஒரே வட்டத்தில் காட்டுகிறது. கூட்டம் கலைந்த பின் சென்று பாருங்கள்.

அங்கிருந்து செலெட்னா தெருவழியே கருமருந்துக் கோபுரம். பிறகு நிலையம் பதினைந்து நிமிட நடை.

தெருவிளக்கு:

எல்பேக்கரை அவர்கள் சொன்ன வழியில் பிழை ஏதும் இல்லை. ஆனால் ஊருக்கு வருவோரில் பாதிப் பேர் அந்த வழியில்தான் நடக்கிறார்கள். நீங்கள் பார்க்கப்போவது பிராகையா, பிராகைப் பார்க்க வந்தவர்களின் முதுகையா என்பதை எண்ணிப் பாருங்கள். பணி நிமித்தம் அங்கு ஒன்றரை ஆண்டு இருந்தவள் என்ற முறையில் மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்கிறேன்: எட்டு மணி நேரத்தில் கோட்டைக்குப் போகவே வேண்டாம். கோட்டையை அழகாகக் காட்டும் இடம் கோட்டை அன்று. ஆற்றின் இந்தக் கரை. தேசிய நாடக அரங்கிலிருந்து பாலம் வரை கரையோரமாக நடந்தால், ஆறும் பாலமும் குன்றும் ஒரே பார்வையில் அடங்கும், அதுவும் சமதரையில்.

நிலையத்தை விட்டு வெளியேறும் அவசரத்தில் நிலையத்தையே பார்க்காமல் விடுவதும் ஒரு பிழை. கடைகள் நிறைந்த கீழ்த்தளக் கூடம் 1970களில் கட்டியது. அதற்கு மேலே, படியேறிப் போனால், கட்டடக் கலைஞர் யோசெஃப் ஃபான்டா 1909இல் முடித்த பழைய நிலையம் இருக்கிறது. வண்ணக் கண்ணாடியும் சிற்பங்களுமாக ஒரு குவிமாடக் கூடம். முதலாம் நடைமேடையில் ஒரு சிலை உண்டு. கண்ணாடி அணிந்த ஒருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டிருப்பார். அருகில் இன்னொரு சிறுமி, ஒரு பெட்டி. அவர் நிக்கோலஸ் வின்டன் என்ற ஆங்கிலேயர். 1939இல், பெரும்பாலும் யூதக் குழந்தைகளாக 669 பேரை இந்த நிலையத்திலிருந்து எட்டு ரயில்களில் பிரிட்டனுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தவர். ஒன்பதாவது ரயில் செப்டம்பர் 1 அன்று புறப்பட வேண்டியது. அன்று போர் தொடங்கிவிட்டது. ரயிலில் வந்து இறங்கும் எவரும் இந்தச் சிலையின் முன் ஒரு நிமிடம் நிற்காமல் ஊருக்குள் செல்வது முறையாகாது என்பது என் எண்ணம்.

நிலையத்திலிருந்து வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்முனை சில நிமிட நடை. சதுக்கம் என்று சொல்கிறார்களே ஒழிய, அது முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள அகலமான ஒரு தெரு. ஒரு காலத்தில் குதிரைச் சந்தை. தேசிய அருங்காட்சியகத்தின் முன்னே நடைபாதைக்குள்ளிருந்து மேலெழ முயல்வதுபோல் ஒரு வெண்கலச் சிலுவை கிடக்கும். தெரியாதவர்கள் மிதித்துக்கொண்டே போவார்கள். சோவியத் படைகள் நாட்டை ஆக்கிரமித்ததை எதிர்த்து, யான் பலாஹ் என்ற இருபது வயது மாணவர் 1969 ஜனவரி 16 அன்று தீக்குளித்த இடம் அது. இருபது ஆண்டுகள் கழித்து, 1989 நவம்பரில், இதே சதுக்கத்தில் இலட்சக்கணக்கானோர் கூடி, வீட்டுச் சாவிக்கொத்துகளைக் குலுக்கி ஒலியெழுப்பி ஒரு கம்யூனிச ஆட்சியை வழியனுப்பினார்கள்.

சதுக்கத்தின் இருபக்கமும் கட்டடங்களுக்குள்ளேயே புகுந்து அடுத்த தெருவில் வெளிவரும் கூரையிட்ட ஊடுவழிகள் பல உண்டு. அக்டோபரில் மழை வந்தால் அவைதாம் உங்களுக்குக் குடை. அவற்றுள் லுட்செர்னா என்பது பின்னாளில் நாட்டின் தலைவரான வாட்ஸ்லாவ் ஹாவெலின் தாத்தா கட்டியது. நான் அங்கிருந்தபோது அதன் கூரையிலிருந்து ஒரு குதிரை தலைகீழாகத் தொங்கியது. அதன் வயிற்றின் மேல் புனித வென்செஸ்லாஸ் சற்றும் கூச்சமின்றி அமர்ந்திருந்தார். சதுக்கத்தில் கம்பீரமாக நிற்கும் குதிரைச் சிலையைக் கேலி செய்து தாவித் செர்னி 1999இல் செய்த சிற்பம் அது.

இன்னொன்று. வீடுகளில் சிவப்பிலும் நீலத்திலும் இரண்டு எண் பலகைகள் இருப்பதைக் கண்டு குழம்பாதீர்கள். சிவப்பு, அந்த வட்டாரத்தில் வீட்டைப் பதிவு செய்த வரிசை எண். அடுத்தடுத்த வீடுகளில் அது எப்படி வேண்டுமானாலும் தாவும். நீலம்தான் தெருவில் வரிசையாக வரும் எண். முதல் மாதம் முழுவதும் நான் சிவப்பு எண்ணைத் தேடித் தெருக்களை அளந்தேன்.

மெல்லநட:

இருவரும் ஊரைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். நான் முழங்காலைப் பற்றிச் சொல்கிறேன். முப்பது ஆண்டுகள் பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மனைவியுடன் அந்த ஊரில் மூன்று நாள் நடந்திருக்கிறேன்.

மேலே டிராமில் போய் இறக்கத்தில் நடந்து வரலாம் என்பது இளைஞர்களுக்கு நல்ல யோசனை. தேய்மானம் உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே எதிரி. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது உடலின் எடையை ஒவ்வோர் அடியிலும் முழங்கால் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. நெருதோவா தெரு தொடர்ச்சியான சரிவு. கோட்டையிலிருந்து இறங்கும் படிக்கட்டுகளோ அதைவிடக் கடுமை. போதாததற்குத் தெருக்கள் முழுவதும் கருங்கல் பாவியவை. அந்த உருண்டைக் கற்களைச் செக் மக்களே 'பூனைத் தலைகள்' என்றுதான் அழைக்கிறார்கள். மழை பெய்தால் அந்தப் பூனைகள் வழுக்கும். நடைபாதைகளிலும் சிறு சதுரக் கற்களைக் கோலம்போல் பதித்திருப்பார்கள். பார்க்க அழகு, மெல்லிய செருப்புக்கு வேதனை. அம்மாவுக்குத் தடித்த அடிப்பாகமும் பின்கட்டும் உள்ள காலணியை இப்போதே வாங்கி, ஊரிலேயே இரண்டு வாரம் போட்டுப் பழகச் செய்யுங்கள். மடக்கக்கூடிய ஊன்றுகோல் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

கோட்டையை அவர்கள் பார்க்க விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. போஹோர்ஜெலெட்ஸில் இறங்கி, மெல்லிய சரிவான லொரெட்டா தெருவழியே கோட்டைச் சதுக்கத்துக்கு வாருங்கள்; அங்கே இருக்கைகள் உண்டு. முற்றங்களைப் பார்த்தபின் நெருதோவா பக்கம் திரும்பாமல், இரண்டாம் முற்றத்தின் வடக்கு வாயில்வழியே வெளியேறுங்கள். பள்ளத்தைக் கடக்கும் சிறு பாலத்தைத் தாண்டினால், சில நிமிடங்களில் 'பிராஷ்ஸ்கீ ஹ்ராட்' என்ற டிராம் நிறுத்தம் வந்துவிடும், பாதை சமமானது. அதே 22ஆம் எண் டிராம் உங்களை மலையடிவாரச் சதுக்கமான மாலொஸ்ட்ரான்ஸ்கே நாமெஸ்தீயில் இறக்கிவிடும். பாலம் அங்கிருந்து ஐந்து நிமிடம். அதன்பின் ரயில் நிலையம் வரை படிக்கட்டோ பெரிய சரிவோ உங்கள் வழியில் வராது.

பாலத்தைக் கடந்ததும் அரை மணி நேரம் எங்காவது உட்காருங்கள். வலி வந்தபின் உட்காருவதைவிட, வருமுன் உட்காருவது இரட்டிப்புப் பலன் தரும்.

காவிரிக்கரையான்:

மூவருக்கும் மிக்க நன்றி. இறக்கத்தைப் பற்றி ஐயா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. இறக்கம் என்றால் எளிது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. பெற்றோர் முட்டைகூடச் சேர்க்காத சைவர்கள். மதிய உணவுக்கு என்ன செய்வது? கையில் யூரோ இருக்கிறது. அதை அங்கே மாற்ற வேண்டுமா?

தெருவிளக்கு:

அங்கே நாணயம் கொருனா. ஆனால் எட்டு மணி நேரத்துக்காகப் பணம் மாற்ற வேண்டிய தேவையே இல்லை. கழிப்பறை உட்பட ஏறக்குறைய எங்கும் அட்டை செல்லும். அட்டைக் கருவியோ பணம் தரும் இயந்திரமோ யூரோவிலா கொருனாவிலா என்று கேட்டால் கொருனா என்றே சொல்லுங்கள். யூரோ என்றால் அந்த இயந்திரம் வைத்ததுதான் மாற்று விகிதம். பழைய நகரத்தில் 'தரகு இல்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஒரு கடையில் நான் முதல் வாரமே ஏமாந்தேன்: தரகு உண்மையிலேயே இல்லை, விகிதத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்கள். 2019 முதல், ஆயிரம் யூரோ மதிப்பு வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்து இரத்து செய்யலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. ஆகவே தவறிப்போய் மாற்றிவிட்டாலும் இரசீதைக் கிழிக்காதீர்கள்.

உணவு சற்றுக் கடினம். சைவம் என்று சொல்லி உங்களுக்கு முதலில் காட்டுவது 'ஸ்மஜெனீ சீர்' என்ற பொரித்த பாலாடைக்கட்டி. அதன் மேல்மாவில் முட்டை உண்டு. உருளைக்கிழங்கைத் துருவிப் பூண்டும் மருவும் சேர்த்துச் சுடும் 'பிராம்போராக்', நம் அடையின் தூரத்து உறவினர்; அதிலும் முட்டை உண்டு. மாவு உருண்டைகளிலும் அப்படியே. சூப்புகள் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் கொதித்தவை. தெருவெங்கும் கம்பியில் சுற்றிச் சுடும் 'திர்தெல்னீக்' என்ற இனிப்பைப் பழைமையான பிராக் பலகாரம் என்று எழுதி விற்பார்கள். அது ஸ்லோவாக்கியப் பக்கத்துப் பண்டம், பிராகுக்கு அண்மையில் வந்தேறியது. விலையும் அதிகம், சுவையும் சுமார்.

ஊரில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. ஆனால் உங்கள் வழியில் சரியான நேரத்தில் அமையுமா என்பது வேறு. எளிய வழி ஒன்று சொல்கிறேன். பெர்லினில் புறப்படும் முன் சோறு வடித்து ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். பிராக் நிலையத்துச் சூப்பர் மார்க்கெட்டில் 'பீலீ யோகுர்ட்' என்று எழுதிய வெள்ளைத் தயிரை வாங்கிப் பிசைந்தால் வேலை முடிந்தது. ஊறுகாய் உங்கள் அம்மாவின் பையில் எப்படியும் இருக்கும்.

பனையோலை:

உரையாடலுக்கு இடையே ஒரு சிறு செய்தி. பழைய நகரத்தில் ஆற்றோரம் யான் பலாஹ் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. அங்கே நிற்பது சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம். பல்கலைக்கழகம் 1348இல் தோன்றியது. 1927இல் பிராகில் பிறந்து, இதே பல்கலைக்கழகத்தில் பயின்று, சங்க இலக்கியத்தையும் சித்தர் பாடல்களையும் உலகுக்கு எடுத்துச் சொன்ன கமில் சுவெலபில் அவர்களைத் தமிழ் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தெருவிளக்கு அவர்கள் சொன்ன அந்தச் சோவியத் படையெடுப்புக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறியவர்களுள் அவரும் ஒருவர். சார்லஸ் பாலத்திலிருந்து கரையோரமாக வடக்கே சில நிமிடம் நடந்தால் அந்தச் சதுக்கம். பாதை சமதரை, மெல்லநட ஐயாவும் மறுக்கமாட்டார்.

காவிரிக்கரையான்: (மூன்று வாரங்களுக்குப் பின்)

சென்று திரும்பிவிட்டோம். வழி சொன்னவர்களுக்கு நடந்ததைச் சொல்வது கடமை என்பதால் எழுதுகிறேன்.

வண்டி நாற்பது நிமிடம் தாமதமாகச் சேர்ந்தது, வெளியே தூறல். அந்தத் தூறலைக் கண்டதுமே 'மேலே ஏறி இறங்குகிற கதையெல்லாம் வேண்டாம்' என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டதால், எல்பேக்கரை அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும், கோட்டையைக் கீழிருந்தே பார்த்தோம். முதலாம் நடைமேடைச் சிலையின் முன் நின்றபோது அம்மா அந்தச் சிறுமியின் தோளில் கைவைத்துவிட்டு, 'இவளைப் பெற்றவள் எப்படி ரயிலேற்றி அனுப்பினாளோ' என்றார். அதன்பின் சதுக்கத்தின் மேல்முனை வரை மூவரும் பேசவில்லை.

ஊடுவழிகள் வழியாகவே பாதி தூரத்தை நனையாமல் கடந்தோம். ஒன்றில் நுழைந்தால் எந்தத் தெருவில் வெளிவருவோம் என்று முன்கூட்டிச் சொல்வதில் அப்பாவும் நானும் பந்தயம் கட்டினோம். நான்கு முறையும் இருவரும் தோற்றோம். நாடக அரங்கின் அருகே ஆற்றங்கரைக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. கரையோர இருக்கையில் காகிதத்தை விரித்துத் தயிர்ச்சோறு சாப்பிட்டோம். தயிர் சற்று இனிப்பாக இருந்ததாக அம்மா சொன்னார். நான் வெள்ளைக்குப் பதிலாக வெனிலா வாங்கியிருந்தேன் என்பது டப்பாவைக் கழுவும்போதுதான் தெரிந்தது.

பாலத்தில் கூட்டம் இருந்தாலும் நடக்க முடிந்தது. கடிகாரத்தின் முன் நான் இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தேன். அப்பா ஒன்றேகால் மணி நேரம் நின்றார். மூன்று வகை நேரம் பற்றி எல்பேக்கரை எழுதியிருந்ததைப் படித்துக் காட்டியதும், 'பகலைப் பன்னிரண்டாகப் பகுக்கிறானா, நாம் எட்டாகப் பகுத்தால் ராகு காலம்' என்று தொடங்கினார். நாட்காட்டியில் அச்சடித்திருக்கும் ஒன்றரை மணி நேரம் வெறும் தோராயம், உதயமும் மறைவும் மாறும்போது ராகு காலமும் நீண்டு சுருங்க வேண்டும், எங்கள் ஊரில் இதை யாரும் கேட்பதில்லை, இவர்கள் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே சக்கரத்தில் செய்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு பாடமே நடத்தினார். அம்மா எதிரேயிருந்த உணவகத்தின் வெளி நாற்காலியில் இரண்டு கோப்பைத் தேநீருடன் அமர்ந்திருந்தார். 'வலி வருமுன் உட்காரு' என்ற ஐயாவின் விதியை அவர் தம் விருப்பப்படி நீட்டித்துக்கொண்டார்.

இதனால் பலாஹ் சதுக்கத்துக்குப் போக முடியவில்லை. பனையோலை அவர்கள் பொறுத்தருள வேண்டும். நிலையத்துக்குத் திரும்பும் வழியில் எருசலேம் தெருவில், வரிகளும் வளைவுகளுமாக வண்ணம் தீட்டிய ஒரு யூதத் தொழுகைக்கூடத்தைப் பார்த்தோம். 1906இல் கட்டியதாம். யாரும் இங்கே சொல்லாத ஒன்றை நாங்களே கண்டுபிடித்ததில் அம்மாவுக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி.

அடுத்து இந்த வழியில் செல்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தலைமை நிலையத்தில் நடைமேடை எண்ணை வண்டி புறப்படச் சிறிது நேரத்துக்கு முன்புதான் பலகையில் காட்டுகிறார்கள். எங்கள் வண்டி வியன்னாவைத் தாண்டி கிராட்ஸ் வரை செல்வது என்பதால், பலகையில் பெரிதாக இருந்தது கிராட்ஸ் என்ற பெயரே. வியன்னாவைத் தேடிக் கொண்டு பத்து நிமிடம் மூன்று பெட்டிகளுடன் நின்றோம். வண்டியின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு அதைப் பாருங்கள்.

அம்மாவின் முழங்கால்கள் நலம். காலணியை ஊரிலேயே பழகியது பலித்தது.